சகலனின் காற்று

அத்தியாயம் 6

பாலேந்திராவின் கார் மறுபடியும் கத்தியது.

"இந்தா! கேட்டியளே தங்கச்சி? உதைத்தான் நான் சொன்னனான்!"

பக்கத்து ஆசனத்தில் இருந்த துப்பறிவாளர் றொசானா கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள். ஸ்ரியரிங்குக்குப் பின்னால் இருந்த திரையில் காரின் படம். மூன்று சில்லுகளுக்குப் பக்கத்தில் காற்றழுத்தம் முப்பத்தாறு என்று போட்டிருந்தது. முன் இடப்பக்கச் சில்லு மட்டும் சிவந்துபோய் இருபத்தொன்று காட்டியது.

"அழகப்பன், இறங்கிப் பாரும்," என்றாள் பின் ஆசனத்தில் இருந்த உதவியாளிடம்.

லண்டன் இல்ஃபோர்ட் கல்யாண மண்டபத்து வாசலில் கார்கள் இரண்டு வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. பந்தி முடிந்து சனம் முழுக்க ஒரே மூச்சில் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். நடு வரிசையில் ஒரு மனுசன் இறங்கிக் குந்தியிருந்தால் பின்னால் நிற்பவர்கள் சும்மா இருப்பார்களா? ஹோர்ன் சத்தம் மேளச் சத்தத்தைத் தூக்கிச் சாப்பிட்டது. அழகப்பன் எதையும் காதில் வாங்காமல் காற்று அளக்கும் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு ஏறினான்.

"முப்பத்தாறு, மேடம். கல்லு மாதிரி இருக்கு. காத்து குறைஞ்சிருக்கிறது என் வயித்துலதான். காலையிலிருந்து காரைக் காவல் காத்தேன், மூணு பந்தி போயிருச்சு லா."

"ஆராவது காருக்குக் கிட்ட வந்தவையே?" என்று கேட்டாள் றொசானா.

"ஒரு ஈ வந்துச்சு. அதுவும் பாயசம் குடிச்ச ஈ. அது சாப்பிட்டிருக்கு, நான் சாப்பிடலை."

பாலேந்திராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வரிசையில், கைநீட்டினால் தொடும் தூரத்தில், அதே காரின் இரட்டைப்பிள்ளை ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதே கொம்பனி, அதே மொடல், அதே சாம்பல் நிறம். பாலேந்திரா வாங்கி மூன்று மாதம் போகவில்லை, அவன் வாங்கினான். அவன் என்றால் ஹரிசன், அவருடைய சகலன். மனைவி சிவரூபினியின் தங்கை ஜதுர்ஷிகாவைக் கட்டியவன்.

இன்றைக்கு அந்தக் காரின் தலையில் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று ஏறியிருந்தது. பின்னால் பிள்ளைகள் இரண்டும் கம்பளித் தொப்பியோடு இருந்தார்கள். மண்டபத்திலிருந்து நேரே சுவிசுக்குப் போகிறார்களாம், பனிமலை பார்க்க. காலையிலிருந்து மண்டபத்தில் அதே கதைதான். மாப்பிள்ளை பொம்பிளையைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. "சுவிசுக்கோ? காரிலையோ?" என்று கேட்டுக் கேட்டு, கேட்ட ஒவ்வொரு வாயும் பாலேந்திராவின் வயிற்றில் ஒரு நெருப்புக்குச்சியைக் கிழித்துப் போட்டது. தாங்கமுடியாமல் பந்தியில் வைத்துச் சொல்லியும்விட்டார்: "தூரம் போறதெண்டால் காசு மட்டும் காணாது. கார் ஓடவும் தெரியவேணும்." ஹரிசன் இலையை மடித்துவிட்டு எழும்பிப் போனான்.

இப்போது ஜதுர்ஷிகா கண்ணாடிக்குள்ளிருந்து கையசைத்தாள். பாலேந்திரா காணாததுபோல் கண்ணைக் கீழே இறக்கினார். இறக்கிய கண் ஹரிசனின் முன் சில்லில் போய் விழுந்தது.

அந்தக் கீறல் இல்லை.

போன வைகாசியில் பிளேஸ்டோவில் நடைபாதைக் கல்லில் உரசி, பிறைச் சந்திரன் மாதிரி விழுந்த கீறல் அது. அதைக் கண்ட அன்றைக்குப் பாலேந்திரா இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டவர். இன்று சில்லு புதுப்பொம்பிளை மாதிரி மின்னியது. 'பூசி எடுத்திட்டான். அதையும் விட்டுவைக்கேல்லை' என்று மனம் கறுவியது.

"தங்கச்சி, நான் உங்களை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனான்?"

"உங்கட சகலன்தான் ரயரில விளையாடுறார் எண்டு நிரூபிக்க."

"ஓம். என்ர காரைக் கண்டு அவனுக்கு வயித்தெரிச்சல். ஏதோ மெசின் வைச்சிருக்கிறான், இல்லையெண்டால் கண்ணூறு. எதெண்டாலும் கண்டுபிடிச்சுத் தாங்கோ. தை மாசம் என்ர மகள் மஹதிக்குக் கலியாணம். இவன்தான் எண்டு தெரிஞ்சால் அந்தக் கலியாணத்துக்கு அவனும் வரப்படாது, அவன்ர பெண்சாதியும் வரப்படாது. என்ர வீட்டுப் படி மிதிக்கப்படாது. மனுசி ரூபியிட்டையும் சொல்லிப்போட்டன்."

"அக்கா என்ன சொன்னவா?"

பாலேந்திரா கண்ணை மறுபடி ஹரிசனின் சில்லுக்குக் கொண்டுபோனார். சிவரூபினிக்கு இந்த நாட்டில் இரத்தச் சொந்தம் என்று இருப்பது அந்தத் தங்கை ஒருத்திதான். கேட்டதிலிருந்து அவள் இரண்டு நாளாய்ச் சாப்பிடாமல் கிடந்தாள். இன்றைக்கும் தாலி கட்டி முடிய, தலையிடி என்று யாருடனோ வீட்டுக்குப் போய்விட்டாள்.

*

றொசானா முந்திக் கவுன்சிலில் கார் பார்க்கிங் அபராத ரிக்கற் எழுதியவள். நியூஹாமில் அவளிடம் ரிக்கற் வாங்காத தமிழன் குறைவு. "இப்பதான் நிப்பாட்டினனான்", "மனுசிக்குப் பிரசவ வலி", "மருந்து வாங்க ஓடினனான்" என்று பதினேழு வருசம் றோட்டில் நின்று பொய் கேட்டுக் காது பழுத்தவள். வேலையை விட்டதும் அந்தக் காதையே முதலாக வைத்துத் துப்பறியத் தொடங்கினாள். அழகப்பன் மலேசியாவிலிருந்து கணக்குப் படிக்க வந்து, கணக்கு வராமல், வாயை மட்டும் வளர்த்துக்கொண்டு அவளிடம் சேர்ந்தவன்.

கார் றொம்போர்ட் றோட்டில் திரும்பி இரண்டு சிக்னல் தாண்டவில்லை, சிவப்பு மறைந்தது. நாலு சில்லும் முப்பத்தாறு.

"பாத்தியளே? இப்பிடித்தான். அவன் போனான், எல்லாம் சரி!"

"கண்ணூறு பட்டா மனுசனுக்கே ஒரு வாரம் காய்ச்சல் இருக்கும்," என்றான் அழகப்பன். "இது என்ன, ரெண்டு சிக்னல் கண்ணூறு?"

"நீர் பகிடி விடாதையும். முன்னுக்குத் தேசிக்காயும் மிளகாயும் கட்டினனான். பூசணிக்காய் வெட்டினனான்."

"கண்ணூறு எண்டால் கார் முழுக்கப் படவேணும் அண்ணை," என்றாள் றொசானா. "ஒரு சில்லில மட்டும் தேடிப் போய்ப் படுறதுக்கு அவற்ற கண்ணென்ன ஊசியே? சரி, முதல் தரம் எப்ப கத்தினது?"

"நான் கனடாவுக்குப் போட்டு வந்த பிறகு. கோயில்ல."

"எவ்வளவு காட்டினது?"

"இருபத்தெட்டு. பிறகு சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன்ர பிறந்தநாள் விழாவில இருபத்தாறு. பிறகு ஜதுர்ஷிகா வீட்டு வாசல்ல இருபத்துநாலு."

"இண்டைக்கு இருபத்தொண்டு." றொசானா விரல்களை மடித்துப் பார்த்தாள். "எல்லா இடத்திலையும் அவர் நிண்டவர். எப்பவும் வெளிக்கிடுற நேரம். ரெண்டு காரும் பக்கத்தில பக்கத்தில ஓடேக்க. அப்பிடித்தானே?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்!"

"காருக்கு எப்பிடி அண்ணை தெரியும், சில்லில காத்துக் குறைவெண்டு?"

அதுவரை புளித்துக் கிடந்த பாலேந்திராவின் முகம் வெளித்தது. தன் காரைப்பற்றி ஒருவர் கேட்டால் அவருக்குக் காய்ச்சலிலும் பேச்சு வரும். குளியலறைகளுக்கு ஓடு பதித்துப் பதித்து முழங்கால் தேய்ந்த மனுசன். அந்த முழங்காலால் வாங்கிய கார்.

"ஒவ்வொரு சில்லுக்குள்ளையும் ஒரு சென்சர் இருக்குது தங்கச்சி, காத்தடிக்கிற வால்வோட சேத்து. சில்லு சுத்தச் சுத்த அது ரேடியோ மாதிரிக் காத்தின்ர அளவைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொண்டுக்கும் தனி நம்பர். கார் தன்ர நாலு நம்பரையும் பாடமாக்கி வைச்சிருக்கும். வேற காரின்ர சென்சர் எவ்வளவு கத்தினாலும் கேளாது."

"தன்ர பிள்ளையின்ர அழுகை தாய்க்குத் தெரியிற மாதிரி."

"அதேதான்!"

"அண்ணே, காருக்கு ரெண்டாந்தாரத்துப் பிள்ளைங்க ஏதும் இருக்கா?" என்று பின்னாலிருந்து கேட்டான் அழகப்பன்.

பகிடிக்குத்தான் கேட்டான். பாலேந்திரா பெருமையோடு தலையாட்டினார். "இருக்கு. பனிக்காலத்துக்கெண்டு இன்னொரு செட் சில்லு வாங்கி வைச்சிருக்கிறன். ரயர், றிம் எல்லாம் புதுசு. காரின்ர முகம் மாறக்கூடாதெண்டு இதே டிசைன். அதுக்குள்ளையும் நாலு சென்சர். இஞ்ச இருக்கிற நம்பரையே கொப்பி பண்ணி அதுக்குள்ள போடுவிச்சனான், எது எந்தப் பக்கமெண்டும் சில்லில எழுதி வைச்சனான். மாத்திப் பூட்டினாலும் காருக்கு மாத்தினது தெரியாது."

றொசானா திரும்பி அவரை முழுதாகப் பார்த்தாள். "ஒரே நம்பரோ?"

"ஓம். அச்சொட்டா ஒரே நம்பர்."

"எப்ப பூட்டினனீங்கள்?"

"இன்னும் பூட்டேல்லை," என்றார் பாலேந்திரா.

போன வருசம் ஹரிசன் ஒரு விருந்தில் "அடுத்த பனிக்குச் சுவிசுக்குக் காரில போகலாமெண்டு யோசிக்கிறன்" என்று சொன்னான். சொன்னவன் யோசித்துக்கொண்டிருந்தபோதே பாலேந்திரா கடைக்குப் போய் நாலு பனிக்காலச் சில்லை வாங்கி, அதற்கு உறை வாங்கி, வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் உறையைக் காட்டினார். சுவிஸ் கிடக்கட்டும், டோவர் துறைமுகம் வரைக்குமாவது அந்தச் சில்லுகள் போகவில்லை.

"லண்டனில பனி எங்க விழுது?" என்று முணுமுணுத்தார்.

"அதை ஒருக்காப் பாக்கலாமே அண்ணை?" என்றாள் றொசானா.

*

பிளேஸ்டோ வீட்டு வாசலில் கார் நிற்கவும் சிவரூபினி கதவைத் திறந்தாள். சேலைகூட மாற்றவில்லை. கராஜின் பூட்டுத் திறப்பு வேண்டும் என்றதும் அவள் முகம் வெளுத்தது.

"திறப்போ? அது... எங்கையோ வைச்சிட்டன். முதல்ல தேத்தண்ணி குடியுங்கோவன்."

"அக்கா, தேத்தண்ணி நான் குடிக்கிறேன்," என்றான் அழகப்பன். "ஆனா உங்க கையில மூடி வச்சிருக்கிறது என்ன, தாலிக்கொடியா?"

சிவரூபினி கையை விரித்தாள். திறப்பு உள்ளங்கையில் அச்சுப் பதித்திருந்தது.

கராஜின் மூலையில் கறுப்பு உறை போட்ட கோபுரம் ஒன்று நின்றது. அழகப்பன் கைகூப்பினான். "சாமி பேரு என்ன அண்ணே? திரை போட்டு வச்சிருக்கீங்க."

"எல்லாம் அப்பிடியே இருக்குது," என்றார் பாலேந்திரா. "நாலும் இருக்குது. பாருங்கோ."

"உறையைத்தானே பாக்கிறம்," என்று றொசானா அதை ஒரே இழுவையில் உருவினாள். நாலு சில்லுகள். பாலேந்திராவுக்கு மூச்சு வந்தது. றொசானா குந்தியிருந்து ரயரின் பக்கவாட்டைத் தடவினாள்.

"பனிக்கால ரயரில மலையும் அதுக்குள்ள பனிப்பூவும் சின்னதாப் பொறிச்சிருக்கும். இதில எங்க?"

பாலேந்திரா குனிந்தார். சுற்றிப் பார்த்தார். இல்லை. இதென்ன, புது ரயர் இப்படித் தேய்ந்திருக்கிறதே? அழகப்பன் மேலே இருந்த சில்லைத் தூக்கிக் கீழே வைத்தான். இரண்டாவது சில்லு வெளியே தெரிந்தது. பாலேந்திராவின் கண் அதில் போய் ஒட்டிக்கொண்டது.

பிறைச் சந்திரன்.

"இது ஹரிசன்ர சில்லு!" என்று கத்தினார். "இந்தக் கீறல் ஹரிசன்ர! வைகாசியில விழுந்தது! நுனியில ரெண்டாப் பிரியும், இந்தா, பாருங்கோ!"

அழகப்பன் தலையைச் சொறிந்தான். "போலீஸ்ல கைரேகைதான் வச்சிருப்பாங்க. இவரு சகலன் கார் ரேகையே வச்சிருக்காரு."

"அப்ப என்ர சில்லு எங்க?"

மூன்று பேரும் கதவடியில் நின்ற சிவரூபினியைப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"நான்தான் குடுத்தனான்," என்றாள். "நீங்கள் கனடாவில நிக்கேக்க. பிள்ளையள் பனி பாக்கவேணுமெண்டு அழுதுகள். அந்தச் சில்லில்லாமல் அந்த மலைப்பக்கம் போகேலாதாம். ஜது கேட்டாள். உங்களிட்டைக் கேட்டால் தருவியளே? கள்ளியெண்டு சொல்லுங்கோ, பரவாயில்லை. அது ஒரு வருசமாச் சும்மாதானே கிடந்தது."

"அவன் கேட்டவனோ?"

"அவருக்குத் தெரியாது! தெரிஞ்சால் அவர் உங்கட சில்லில ஏறுவாரே? யாரோ பாவிச்சதை வாங்கினதெண்டு ஜது சொல்லிப்போட்டாள். ரயர்க் கடைக்கு நாங்கள் ரெண்டு பேரும்தான் போனனாங்கள். கழட்டின அவையின்ர சில்லை இந்த உறைக்குள்ள அடுக்கி வைச்சிட்டன். புதுச் சென்சரின்ர நம்பரை அவையின்ர காருக்குப் பதியவேணுமெண்டு கடைக்காரர் சொன்னவர். அதுக்கு இன்னொருநாள் காரைக் கொண்டு போகவேணும், ஹரிசனும் வருவார், கதை வெளிய வந்திடுமெண்டு நாங்கள் பதியேல்லை. மஞ்சள் லைற் ஒண்டு எரியும், அதைப் பாக்காதையுங்கோ எண்டு ஜது அவருக்குச் சொல்லியிருக்கிறாள்."

பாலேந்திராவுக்கு முதலில் கோபம் வந்தது. அதன் பின்னாலேயே, வெட்கமில்லாமல், ஒரு பெரும் சந்தோசமும் வந்தது. ஹரிசன் சுவிசுக்குப் போவது என் சில்லில்! மலையில் நின்று அவன் எடுக்கப்போகிற ஒவ்வொரு படத்திலும் கீழே உருளுவது என்னுடைய ரயர்! இதை மட்டும் சொந்தக்காரர் முன்னால் ஒருதரம் சொன்னால் போதும், அவன் இந்தப் பிறவியில் தலை நிமிரமாட்டான்.

"எடும் போனை," என்றார் மனைவியிடம். "இப்பவே சொல்லுறன். நடுறோட்டில இறக்கி வைச்சிட்டு வரட்டும் என்ர சில்லை!"

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ." றொசானா இன்னும் குந்தியபடியே இருந்தாள். குரல் மாறியிருந்தது. "உங்கட கார் ஏன் கத்தினதெண்டு இப்ப விளங்குதே? அவற்ற சில்லில உங்கட நம்பர். பக்கத்தில ஓடேக்க உங்கட கார் அதைத் தன்ர பிள்ளையெண்டு நினைச்சிருக்குது. அவர் விலகிப்போக அழுகை நிண்டிட்டுது."

"விளங்குது. கண்ணூறில்லை. சரி."

"இன்னும் விளங்கேல்லை. நான் றோட்டில நிண்டு எத்தினை பொய் கேட்டிருப்பன்! பொய் ஒருநாளைக்கு ஏறும், ஒருநாளைக்கு இறங்கும். இருபத்தெட்டு, இருபத்தாறு, இருபத்துநாலு, இருபத்தொண்டு எண்டு ஒழுங்காக் குறையிறது உண்மை மட்டும்தான். உங்கட கார் ஒருநாளும் பொய் சொல்லேல்லை அண்ணை. அது சொன்னது உங்கட ரயரை இல்லை, அவ்வளவுதான்."

சிவரூபினியின் விரலிலிருந்து சேலைத் தலைப்பு நழுவியது.

"ஹரிசன்ர முன் சில்லில காத்துப் போகுது," என்றாள் றொசானா. "கூரையில பெட்டி, உள்ளுக்க நாலு பேர், மோட்டர்வே. அவற்ற காருக்கு அந்த நம்பர் தெரியாது, அது வாயே திறவாது. மஞ்சள் லைற்றைப் பாக்காதையுங்கோ எண்டு சொல்லியும் வைச்சிருக்கு. இந்த உலகத்தில அந்த ரயரின்ர கதை தெரிஞ்சது உங்கட கார் ஒண்டுக்குத்தான்."

சிவரூபினி ஓடிவந்து போனை எடுத்தாள். ஜதுர்ஷிகாவின் போன் அடித்தது, வெட்டுப்பட்டது. மறுபடி அடித்தது, மறுபடியும் வெட்டுப்பட்டது. "பிள்ளையள் படம் பாக்குதுகள், அதுகள்தான் வெட்டுதுகள்," என்று அழுதாள். ஹரிசனின் நம்பருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. பாலேந்திரா தன் போனில் அடித்தார். ஒரே மணியில் வெட்டினான். பந்தியில் விழுந்த சொல் இன்னும் அவன் காதிலிருந்து இறங்கவில்லை.

"போலீஸுக்குச் சொல்லலாம்," என்றான் அழகப்பன். "ஆனா என்னன்னு சொல்றது? டயர்ல காத்து போவுது, பிளேஸ்டோவில நிக்கிற பக்கத்து கார் சொல்லுச்சுன்னா, நம்மளத்தான் முதல்ல பிடிப்பாங்க."

இந்தத் தரம் அவனே சிரிக்கவில்லை.

"அண்ணை," என்றாள் றொசானா, "உங்களை மாதிரி அவரைத் தெரிஞ்ச ஆள் இல்லை. அவர் எதுக்குப் போன் எடுப்பார்?"

பாலேந்திரா நிலத்தைப் பார்த்தார். பசிகிடந்தவனுக்கு இன்னொருவன் பசி தெரியும். ஹரிசன் எதற்கு ஓடி வருவான் என்று அவருக்குத் தெரியும். என்ன செய்தி வந்தால் நடுச்சாமத்திலும் தான் எழும்பி உட்கார்ந்து போனை எடுப்பாரோ, அதே செய்திக்குத்தான் அவனும் எடுப்பான்.

போனில் சொந்தக்காரர் குறூப்பைத் திறந்தார். ரொறொன்ரோவிலிருந்து ஒஸ்லோ வரைக்கும் ஆட்கள் இருக்கிற குறூப். கட்டைவிரல் ஒருதரம் பின்வாங்கியது. பிறகு குரல் பதியும் பொத்தானை அழுத்தினார்.

"நான் பாலேந்திரா கதைக்கிறன். ஹரிசன் ஆக்களுக்கு முதல் சுவிசுக்குப் போவமெண்டு நானும் வெளிக்கிட்டனான். வழியில கார் நிண்டுபோச்சு. அசையுதில்லை. ஆராவது எம் இருபது மோட்டர்வேயில வாறியளே?"

விட்டார். குரல் பறந்துபோனது. யாரோ ஒரு ஆச்சரியப் படம் போட்டார்கள். யாரோ "ஐயோ அத்தான்!" என்று எழுதினார்கள். பிறகு போன் அடித்தது.

ஹரிசன்.

"அண்ணை!" கரிசனையைப் பூசியிருந்தாலும் அடியில் தேன் வழிந்தது. "என்ன அண்ணை, புதுக் காரெல்லோ? நிண்டுபோச்சாம்?"

"ஓம் ஹரிசன். நிண்டுபோச்சு." பாலேந்திரா ஒவ்வொரு சொல்லாக விழுங்கித் துப்பினார். "நீர் எங்க நிக்கிறீர்?"

"மெயிட்ஸ்டோன் தாண்டுறன். உங்கட காருக்கு என்னவாம்?"

"ஒண்டும் விளங்கேல்லை. உமக்குத்தான் கார் பற்றித் தெரியுமே. முன்னால வாற சேர்விஸ் தரிப்பிடத்துக்குள்ள ஒருக்காத் திரும்பும். மெல்லமா வாரும், என்ன? போனை வைக்காதையும்."

"வாறன் அண்ணை, வாறன். நாங்கள் இருக்கேக்க ஏன் பயப்பிடுறியள்!"

போனுக்குள் கார் ஓடும் இரைச்சல். ஒரு பிள்ளை ஏதோ கேட்டது. இண்டிக்கேற்றர் தட்டும் சத்தம். சிவரூபினி பாலேந்திராவின் கையைப் பிடித்தபடி நின்றாள். நகம் பதிந்தது, அவர் விலக்கவில்லை. பிறகு இரைச்சல் குறைந்தது, நின்றது, கதவு திறந்தது.

"வந்திட்டன் அண்ணை. எங்க நிக்கிறியள்? காரைக் காணேல்லையே."

"இறங்கினீரே?"

"ஓம்."

"உம்மட முன் இடக்கைச் சில்லைப் பாரும்."

"என்னத்துக்கு?"

"பாருமன்."

காலடிச் சத்தம் காரைச் சுற்றிப் போனது. பிறகு காற்று மட்டும் போனுக்குள் மோதிக்கொண்டிருந்தது.

"அண்ணை..." தேன் முழுக்க வற்றியிருந்தது. "ரயர் தொடேலாமல் கொதிக்குது. பக்கவாட்டில நீட்டுக்கு வெடிச்சிருக்கு. உள் நூல் தெரியுது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால்..." மிச்சத்தை அவன் சொல்லவில்லை. தூரத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பாலேந்திரா வாயைத் திறந்தார். அந்தச் சொல் நாக்கு நுனியில் இனித்தது. 'அது என்ர சில்லடா.' மூன்றே சொல். இத்தனை வருச எரிச்சலுக்கும் மருந்து. சிவரூபினியின் பிடி இறுகியது. அவள் கண் அவர் வாயில்தான் நின்றது. றொசானா வேறுபக்கம் திரும்பி உறையை மடிக்கத் தொடங்கினாள்.

"மண்டபத்தில கண்டனான்," என்றார் பாலேந்திரா. "சில்லுப் பதிஞ்சு கிடந்தது. நான் எப்பவும் உம்மட காரைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறன்."

"அது எனக்குத் தெரியும் அண்ணை," என்றான் ஹரிசன்.

"ரயரை மாத்தாமல் வெளிக்கிடாதையும். பிறேக்டவுன் ஆக்களுக்கு அடியும். பிள்ளையளைக் காருக்க வைச்சிருக்காமல் உள்ளுக்க கூட்டிக்கொண்டு போம். சுவிசால வந்தோடனை ரெண்டு பேரும் வீட்டை வரவேணும், மஹதியின்ர கலியாண அலுவல் கனக்கக் கிடக்கு. சித்தப்பன் இல்லாமல் ஒண்டும் நடவாது."

"வாறம் அண்ணை." கொஞ்சம் நின்று, "அப்ப நீங்கள் இப்ப எங்க?" என்றான். "உண்மையா உங்கட கார் நிண்டதோ?"

கராஜ் வாசலுக்கு வெளியே கார் நின்றது. ஒரு குறையும் இல்லை. திறப்பைப் போட்டால் ஒரே முறுக்கில் பாடும். பாலேந்திரா அதைப் பார்த்தார்.

"நிண்டுதான் போச்சு," என்றார். "எம் இருபது எண்டது சும்மா. வீட்டு வாசலே தாண்டேல்லை."

முதலில் ஒரு இருமல். பிறகு மூக்கால் ஒன்று. ஹரிசன் அடக்கித்தான் பார்த்தான். முடியவில்லை. மெயிட்ஸ்டோன் சேர்விசில் நின்று வாய்விட்டுச் சிரித்தான். ஒவ்வொரு சிரிப்பும் பாலேந்திராவின் வயிற்றில் போய் விழுந்து சுட்டது. அவர் போனை வைக்கவில்லை. சகலன் சிரித்து முடியும்வரை அப்படியே காதில் பிடித்துக்கொண்டு நின்றார்.